மேலே போனால் ஆமாம்

கம்பியில்லாத மவுஸ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் விலையையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். எந்தெந்த இடத்தில் வைத்தால் ஓடும் என்று கேட்பதில்லை. நான் கேட்டேன். அதற்காக உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறி, சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடைக்காரர் பொறுமையானவர். மேசை மேல் ஓட்டிக் காட்டினார். மேசையில் எந்த மவுஸும் ஓடும், வேறு எங்காவது காட்டுங்கள் என்றேன். சுவரில் ஓட்டினார். கண்ணாடிக் கவுன்டர் மேல் ஓட்டினார். பிறகு நானே வாங்கி என் தொடையில், புடவை மேல் வைத்து நகர்த்தினேன். திரையில் அம்பு நூல் பிடித்த மாதிரி போனது.

"லேப்டாப்புக்கா மேடம்?" என்று கேட்டார்.

"எங்க வூட்ல எல்லா எடமும் ஒரே மாதிரி இருக்காது" என்றேன். அது பொய்யில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா, ஆரம்பத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள். என் பெயர் பவளம். வயது நாற்பத்து மூன்று. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலை வகுப்பு மட்டும் எடுக்கிறேன். முத்துவேல் என் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. அவனை வளர்த்ததில் என் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. அதில் எனக்குக் குறை இல்லை. வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை, பேனர் எல்லாம் டிசைன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். கனகாவை வேண்டாம் என்று ஒரு மாதம் அவனோடு நான் பேசாமல் இருந்தேன். திருப்புட்குழிக் கோயிலில் தாலி கட்டி அழைத்து வந்துவிட்டான். மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். போன வருஷம், இரண்டாயிரத்து எட்டில், செங்கல்பட்டு ரோட்டில் லாரி மோதி இறந்தான்.

கனகா கெட்டவள் இல்லை. இதை அழுத்தி எழுதுகிறேன். அவன் சொல்லிக் கொடுத்த வேலையை அவனுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து செய்தாள். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள்.

"அண்ணி, உங்க கிட்ட மறைக்கக் கூடாது. காஞ்சிபுரத்துல பிளெக்ஸ் அடிக்கிறாரே சாமுவேல், அவரு என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்றாரு. நானும் சரின்னுட்டேன்."

நல்லதுதானே என்றேன். குழம்பு ஊற்றச் சொன்னேன். அடுத்த வாரம் மவுஸ் வாங்கினேன்.

அதோடு ஒரு சின்ன பட்டாணி மாதிரி ரிசீவர் வரும். அதை சி.பி.யு.வின் பின்பக்கம், ஒயர்களுக்கு நடுவே செருகினேன். என் அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தால், கனகாவின் தோளுக்கு மேலே தெரியும் திரை என் பீரோ கண்ணாடியில் விழும். கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். பழக இரண்டு நாள் ஆனது. இருபத்தைந்து வருஷமாக விரலைப் பார்க்காமல் தட்டச்சு செய்கிறவளுக்கு அது பெரிய காரியம் இல்லை.

முதல் நாள் கட்டிலில் படுத்துக்கொண்டு, போர்வைக்கு அடியில் நகர்த்தினேன். அவள் கையை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அம்பு மெதுவாகப் போய், அவனுடைய போட்டோ இருந்த போல்டரைத் திறந்தது.

"அண்ணி, இங்க வாங்களேன். அம்பு தானா நவுருது."

போனேன். "இன்னா நவுருது? ஒண்ணும் காணோமே" என்றேன். அவள் தன் மவுஸின் ஒயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பி வந்து படுத்து, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினேன். அவள் கத்தவில்லை. நாற்காலிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பத்து நாளில் அவள் தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே டிசைன் செய்ய உட்கார்ந்தாள். அன்று நான் கதவோரம் நின்று, மவுஸைச் சுவரில் வைத்து ஓட்டினேன். சாமுவேல் என்ற பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். அவள் மறுபடி அடித்தாள். மறுபடி எடுத்தேன். மூன்றாவது முறை அவள் அடிக்கவில்லை.

பயந்து அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், கல்யாணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பயப்படவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் தலைக்குக் குளித்து, அவன் எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, நீதானா? ஆமான்னா மேல போ. இல்லன்னா கீய வா."

மேலே போனேன்.

அப்புறம் தினமும் பேசினாள். சாமுவேலுக்கு அவளே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் நினைத்தது நடந்துவிட்டது. அன்றே ரிசீவரை எடுத்திருக்கலாம். ஆனால் அவள் அவனிடம் பேசுவதைக் கேட்கக் கேட்க, எனக்கும் எழுந்து போக முடியவில்லை. அவன் எப்படிச் சிரிப்பான், எதற்குக் கோபப்படுவான் என்றெல்லாம் சொல்வாள். எனக்குத் தெரியாத முத்துவேலும் அதில் இருந்தான்.

ஒரு நாள் சொன்னாள்: "உன் அக்காவத் தனியா வுட்டுப் போவேன்னா நெனச்ச? அவங்களையும் எங்க கூடவே வெச்சிக்கலாம்னு சாமுவேல் கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன் மாமா. அவரும் சரின்னாரு."

கண்ணாடியில் அம்பு சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு வழக்கம்போல மேலே நகர்த்தினேன்.

சாப்பாடு குறைந்தது. வேலையை எடுப்பதில்லை. வாசலில் யாராவது கூப்பிட்டால் "அவரோட பேசிக்கினு இருக்கேன்" என்பாள். தெருவில் ஒரு மாதிரி பேசினார்கள். பாவம், தம்பி நினைப்பாகவே கிடக்கிறது என்று நானும் சொன்னேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாமுவேல் வந்து கேட் அருகே நின்றுவிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மணி நாலு இருக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். கரண்ட் போனது. பேன் நின்றது. யு.பி.எஸ். கூவ ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம்தான் தாங்கும்.

"மாமா, இது நின்னுடறதுக்குள்ள ஒண்ணு சொல்லு. நானும் உன்னாண்ட வந்துடவா?"

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் சிவப்பு சிமென்ட்டுத் தரை, முகம் தெரிகிற அளவுக்கு மழமழப்பு. கை வழுக்கிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும். வழுக்கவில்லை. வழுக்காத மவுஸ் என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

அவள் இரண்டாவது முறையும் கேட்டாள். யோசித்தேன். கீழே நகர்த்தினால் அழுவாள். அழுது முடித்தால் தெளிந்துவிடுவாள். தெளிந்தால் கேட்டில் நிற்கிறவரைப் பார்ப்பாள்.

மேலே நகர்த்தினேன்.

அவள் முகம் கழுவிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "டீ போடட்டா அண்ணி?" என்றாள். இரண்டு பேரும் குடித்தோம். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அன்று நாளும் இல்லை, கிழமையும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. விடியற்காலையில் தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம் கேட்டது. சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தேன். ஏழு மணிக்கு ஏரியிலிருந்து ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள்.

அன்றே கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்தேன். மவுஸின் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் தினம் நாலு மணிக்கு முன்னறையில் மவுஸை அழுத்துகிற அந்தச் சின்ன டிக் சத்தம் கேட்டது. பீரோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அப்படியும் கேட்டது. ஒரு நாள் துணியை எடுத்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, "தம்பி, நான் செஞ்சது சரிதானே?" என்று கேட்டேன். அம்பு நடுவிலேயே நின்றது. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பத்தாம் நாள் சாமுவேல் வந்தார். அவர் கொடுத்திருந்த டிசைன்களை எடுத்துக்கொள்ள சி.பி.யு.வைத் திருப்பியவர், ஒயர்களுக்கு நடுவே இருந்த ரிசீவரைப் பிடுங்கினார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதோட மவுஸ் எங்கக்கா கீது?"

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என் அறைக் கதவைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நானேதான் அவரோடு ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

நகர்த்தியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். எல்லா நாளும் நான்தான், அந்தச் செவ்வாய்க்கிழமையும் நான்தான். அம்பு மேலே போனால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் நகர்த்தினேன். ஆனால் அது என் பதில் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முத்துவேலே அங்கு இருந்து, வரச் சொல்லட்டுமா அக்கா என்று என்னைக் கேட்டிருந்தால், சரி என்று சொல்லியிருப்பேன். அவனும் அதையேதான் அவளுக்குச் சொல்லியிருப்பான். என் தம்பி ஒரு நாளும் என் பேச்சைத் தட்டினவன் இல்லை.