மருமகனுக்கு எங்கள் வைத்தியம்

நான் பொதுவாக யாரோடும் சண்டைக்குப் போகிறவன் அல்ல. பிலடெல்பியாவில் நாவிதர் கடை வைத்திருக்கிறேன். தொப்பியில் கறுப்பு நாடாப்பூ குத்திக்கொண்டு வரும் எதிர்க்கட்சிப் பெடரலிஸ்டுகளுக்கும் சவரம் செய்வேன். வெந்நீர் மட்டும் கொடுப்பதில்லை.

மஞ்சள் காய்ச்சல் வந்த 1798ஆம் வருடம் ஊரில் இரண்டு வைத்தியங்கள் இருந்தன. ரிபப்ளிகன்களான நாங்கள் கையில் நரம்பைக் கீறிக் கெட்ட ரத்தம் எடுத்தோம். அவர்கள் சின்கோனாப் பட்டைக் கஷாயமும் ஒயினும் குடித்தார்கள். எங்கள் பத்திரிகை ஒன்றைச் சொன்னது, அவர்கள் பத்திரிகை மற்றதைச் சொன்னது. அதற்குப் பிறகு நோயாளிகளை யாரும் விசாரிக்கவில்லை.

என் மருமகன் ஏனோக் எங்கள் வேட்பாளர். தேர்தல் நெருங்கும்போது படுத்துவிட்டான். ரத்தம் எடுப்பதும் என் தொழில்தான். எடுத்தேன். மோசமானான். மறுபடி எடுத்தேன். இன்னும் மோசமானான். பிறகு திடீரென்று தேறினான். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

தானிய வியாபாரி கிரிம்ஷா நாற்காலியில் இருந்தார். முகமெல்லாம் சோப்பு நுரை. பெடரலிஸ்ட்.

"ரொம்பப் பீத்திக்காதீரும். உம்ம பொண்ணு எங்க வீட்லதான் பட்டையும் ஒயினும் வாங்கிட்டுப் போச்சு. உம்ம வேட்பாளர எங்க மருந்துதான் எழுப்பி உக்கார வச்சிருக்கு. சனிக்கிழம பேப்பர்ல பாரும்."

மீதிக் கன்னத்தையும் மழித்து முடித்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை.

வீட்டுக்குப் போனபோது ஏனோக் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். என் மகள் தபீத்தா எதையும் மறைக்கவில்லை.

"ஆமாப்பா, நான்தான் குடுத்தேன். கட்சிக்கு வேற ஆளு கெடைக்கும். எனக்கு இவருதான்."

அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினேன். ரத்தம் பிடிக்கும் கிண்ணத்தை வெளியே எடுத்ததும் ஏனோக் சிரித்தான்.

"இன்னுமா மாமா? ஓட்டுப் போடுறவங்க நான் உசுரோட இருக்கணும்னு எதிர்பார்ப்பாங்களே."

"கொஞ்சந்தான். நம்ம வைத்தியத்துலதான் தேறினேன்னு நீயும் சொல்லலாம்ல."

யோசித்தான். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். சட்டைக் கையைத் தானே சுருட்டிக் கையை நீட்டினான். நல்ல கட்சிக்காரன். கிண்ணம் நிறைந்தது. நான் கட்டுப் போடவில்லை. போதும் என்று அவன் சொன்னது கேட்டது. குரல் சின்னதாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். வேறொரு பாத்திரம் வைத்தேன்.

தபீத்தா வாளியோடு வாசலில் நின்றாள்.

"நல்லாத்தானேப்பா இருந்தாரு."

"அதனாலதாம்மா," என்றேன்.

அவர்களுடைய ஒயின்தான் கொன்றது என்று எங்கள் பத்திரிகை எழுதியது. நான் மறுக்கவில்லை. ஏனோக்கின் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். அனுதாபம் பலமாக இருந்தது. ஜெயித்தேன். தபீத்தா என்னோடு பேசுவதில்லை. கிரிம்ஷா ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், நீதிபதி ஐயா. கட்சிக்காகக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கட்சி அவர்களுக்குத்தான் உண்டு. நாங்கள் மக்கள்.