செனட்டர்மாருக்கு ஒரு கடிதம்

வெம்பிளிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"அமெரிக்க செனட்டர்மாருக்கு நான் கடிதம் எழுதப்போறன்" என்றாள் ஒருத்தி.

"உமக்கென்ன விசரே?"

"என்ரை மனுசன் அங்கை ஒரு வருஷமா வேலையில்லாமல் இருக்கிறார். சனத்துக்கு வேலை குடுக்க ஜனாதிபதி ஒரு சட்டம் கொண்டுவரப் பாத்தார். அது வந்தால் றோட்டு வேலை கிடைக்கும், எங்களைக் கூப்பிடலாம் எண்டு இருந்தார்."

"பிறகு?"

"செனட்டிலை ஆதரவு போதாதாம். வாக்கெடுக்க விடாமல் கதைச்சுக் கதைச்சே அந்தச் சட்டத்தைச் சாகடிச்சுப்போட்டாங்கள்!"

"நீர் லண்டனிலை இருந்து எழுதினால் ஆர் வாசிக்கப்போகினம்?"

"வாசிக்காட்டில் போகட்டும். அவங்கள் நாள்கணக்காக் கதைச்சவங்கள். நான் ஒரு பக்கம் கதைக்கக்கூடாதோ?"

தபால் கந்தோர் தெரிந்ததும் அவள் மணியை அழுத்திவிட்டு எழுந்தாள். மற்றவளும் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு இறங்கினாள்.