கை நழுவவில்லை

ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், ஐயா. வடக்குக் காற்று மெதுவாக வருகிறது. பலூன் விடுவதற்கு இதைவிட நல்ல காலை அமையாது. இன்றைக்கும் விட்டிருப்பார்கள். விடட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கூப்பிடாமல் வந்திருக்கிறேன் என்று ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரருக்குக் கொஞ்சம் எரிச்சல். "அந்த பலூன் கேஸ் முடிஞ்சு போச்சு, பெரியவரே. கயிறு பிடிக்கிற ரயிஸோட கை நழுவிடுச்சு. விபத்துன்னு எழுதியாச்சு. வீட்டுக்குப் போங்க" என்றார்.

"நான்தான் அந்த ரயிஸ். பகீத்" என்றேன்.

உடனே எழுந்து நின்று, தம்பியைப் பறிகொடுத்தவனுக்கு என்னென்ன சொல்ல வேண்டுமோ அத்தனையும் சொன்னார். என் தோளைத் தடவிக் கொடுத்தார். நல்ல மனுஷர். ஆனால் கை நழுவியது என்று அவருக்கு யார் சொன்னது? அதைக் கேட்கத்தான் வந்தேன். வேறு எதற்கும் இல்லை. அழ வரவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை.

ஆற்றின் மேற்குக் கரையில் பலூன் இறங்கும்போது கயிறு பிடிக்கிற ஆட்களுக்கு நான் தலைவன், அதாவது ரயிஸ். மேலே கேப்டன், கீழே நான். நான் பிடி என்றால் பிடிப்பார்கள், விடு என்றால் விடுவார்கள். ஏன் என்று கேட்கிறவனை நான் சேர்த்துக்கொள்வதில்லை. அவன் யோசித்து முடிப்பதற்குள் கூடை தலைக்கு மேல் போய்விடும். இத்தனை வருஷத்தில் என் பிடியிலிருந்து ஒரு கூடை நழுவியதில்லை. மேற்குக் கரையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேப்டன் ஷாஸ்லி என் தம்பி. அப்பா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். நான் கயிற்றைப் பிடித்தேன், அவன் புத்தகத்தைப் பிடித்தான். அவன்மேல் எனக்குப் பொறாமை என்று உங்கள் ஆள் எழுதப் பார்த்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். தோளில் கோடு போட்ட வெள்ளைச் சட்டையோடு அவன் முதல்முதலாக வீட்டுக்கு வந்த அன்று தெரு முழுக்க சர்பத் ஊற்றியவன் நான்.

காலையில் பலூன் நிமிர்ந்து நின்றதும் ஊர் சுற்ற வந்தவர்களைக் கூடையில் ஏற்றுவோம். கிளம்பும் முன்னால் ஷாஸ்லி என்னைக் கைகாட்டி இங்கிலீஷில் ஏதோ சொல்வான். எல்லோரும் கொல்லென்று சிரிப்பார்கள். போனைத் தூக்கி என்னைப் படம் எடுப்பார்கள். எனக்கு அந்த மொழி வராது. தம்பி நம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறான் என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்து நானும் சிரிப்பேன். தினமும் இது நடந்தது.

எங்கள் ஆட்களில் அஸப் என்று ஒருவன். முன்பு ஹோட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தவன். போன மாதம் ஒருநாள், பலூன் மெம்னான் சிலைகளுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் லாரியை நிறுத்திவிட்டுக் கரும்புத் தோட்டத்து ஓரத்தில் டீ போட்டோம்.

"ரயிஸ், உங்களுக்குக் கோபமே வராதா?" என்றான் அஸப்.

"உன் டீயைக் குடிச்சா வரும்."

"வெளையாடாதீங்க. கேப்டன் தினமும் சொல்றாரே, அதுக்குக் கேக்கறேன்."

"என்ன சொல்றான்? எங்க அண்ணன், எங்க ரயிஸ்னு சொல்றான். அதுக்கு எதுக்குக் கோபம்?"

அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "அடப்பாவமே. உங்களுக்குத் தெரியாதா?"

"சொல்லு."

"வேணாம் ரயிஸ்."

"நான் சொல்லுன்னா சொல்லணும்."

"'இவரை எங்க வீட்டுக்குக் கீழ இருந்த கல்லறையில கண்டெடுத்தோம். மூவாயிரம் வருஷமா தூங்கினவரு. சுத்தின துணியை அவுத்துட்டுக் கையில கயித்தைக் குடுத்திருக்கோம். கிட்டப் போய்த் தும்மிடாதீங்க, உதிர்ந்துடுவாரு.' இதான். தினமும் இதேதான்."

பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவனுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அஸப் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். போதும் என்று கையைக் காட்டினேன். நல்ல நகைச்சுவைதான், ஐயா. வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான்தான் தினமும் சிரித்திருக்கிறேனே.

தம்பியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சண்டை போடுகிற ஆள் இல்லை நான். அந்த வெள்ளிக்கிழமை அவன் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி இன்ஷிராஹ் முயல் கறி போட்டு முளூகியாக் கீரை சமைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு நடுவில் அவன் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தான். உள்ளே நீலமும் மஞ்சளுமாகக் கோடு போட்ட தலைத்துணி, அட்டையில் செய்த தாடி, தங்கக் காகிதம் ஒட்டிய இடுப்புப் பட்டை. கடைத்தெருவில் விற்கிற பாரோ ராஜா வேஷம்.

"அண்ணே, உன் முதுகைப் பத்தி டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? இனிமே கயித்தை அஸப் பாத்துக்கட்டும்."

"நான் என்ன பண்றது?"

"இதைப் போட்டுக்கிட்டு நில்லு. பலூன் எறங்குனதும் வந்தவங்க உன்கூட நின்னு படம் எடுத்துப்பாங்க. இழுக்கவும் வேணாம், தூக்கவும் வேணாம். ராஜா மாதிரி நிக்கலாம்."

"ராஜா மாதிரி."

"உனக்கு முகவெட்டும் அப்படித்தான் இருக்கு, அண்ணே. நான் பொய் சொல்றேனா, இன்ஷிராஹ்?"

"மாமாவை வம்புக்கு இழுக்காதீங்க. அவர் முகம் மாறுது பாருங்க" என்றாள் அவள்.

"மாறாது. அண்ணனுக்குக் கோபம்னா என்னன்னே தெரியாது" என்றான் தம்பி. இன்னொரு துண்டு கறியை எடுத்து என் தட்டில் வைத்தான்.

நான் அதைச் சாப்பிட்டேன். பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். என் பதில் அதுதான் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்துகொள்ளாதது என் குற்றம் இல்லை.

அந்தக் காலைக்கு வருகிறேன். பலூன் ஹாபூ கோயிலைத் தாண்டி, இரண்டு கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள மண் பாதையில் இறங்கியது. அங்கே பலூன் துணியைச் சாயவிட்டால் கரும்பு நசுங்கும். தோட்டக்காரன் அரிவாளோடு வருவான். அதனால் சூட்டை இறக்காமல் பலூனை நின்றபடியே வைத்து, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கூடையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, திறந்த வெளிவரை தள்ளிக்கொண்டு போவோம். அதுவரை ஒருவரும் இறங்கக் கூடாது. உள்ளே இருப்பவர்களின் கனம்தான் பலூனைத் தரையில் வைத்திருக்கிறது. இறங்கிவிட்டால் எங்கள் கனம் மட்டும்தான் மிச்சம். ஷாஸ்லிக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் அவன் அன்றைக்கு குஷியில் இருந்தான். ஆட்களை இறக்கும்போது மூட வேண்டும் என்று காஸை மூடினான். எல்லோரையும் பாதையிலேயே இறங்கச் சொன்னான். போனை எடுத்துக்கொண்டு அவர்கள் மளமளவென்று குதித்தார்கள். கூடை துள்ளியது.

"ஷாஸ்லி, இது சரியில்லை. ஏத்து அவங்களை" என்றேன்.

"நீ பிடிச்சிருக்கும்போது எனக்கென்ன பயம்? ஒரே நிமிஷம், அண்ணே."

அந்தப் பையைக் கையோடு கொண்டுவந்திருந்தான். கூடையிலிருந்து குனிந்து, அந்தத் தலைத்துணியை என் தலையில் அவனே மாட்டினான். என் இரண்டு கையும் கூடையின் விளிம்பில் இருந்தன. அவன் உயிரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், ஐயா. தலையில் இருப்பதைத் தட்டிவிட வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும். எடுக்கக் கூடாது. அது தெரிந்துதான் மாட்டினான் என்று நான் சொல்லவில்லை. மாட்டினான், அவ்வளவுதான். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னான். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். அஸப்பும் சிரித்தான். என் ஆட்கள் என் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வயதான அம்மாள் மட்டும் இறங்கவில்லை. போர்ச்சுகல்காரி, முழங்கால் சரியில்லாதவள். அவளைத் தூக்கிவிட ஷாஸ்லி, கூடையில் கேப்டன் நிற்கிற நடு அறையிலிருந்து தடுப்பைத் தாண்டி அவள் பக்கம் வந்தான். அவள் இருந்தது உங்களுக்குத் தெரியாதுதானே என்று அஸப் என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டான். தெரியும். நான் பிடித்திருந்த மூலையில்தான் நின்றாள். என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை.

"விடுங்க" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. தினமும் வேலை முடியும்போது சொல்கிற அதே குரலில் சொன்னேன். அத்தனை பேரும் கையை எடுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். என் சொல்லுக்கு அவர்கள் கைதான் கீழ்ப்படியும், புத்தி அல்ல. அப்படித்தான் நான் பழக்கியிருக்கிறேன்.

சூடு இறங்காத பலூன். இரண்டே பேர் மிஞ்சிய கூடை. அது மெதுவாக எழும்பவில்லை, ஐயா. தரையில் வடக்குக் காற்று இருந்தாலும் மேலே ஆற்றுப் பக்கத்திலிருந்து வேறு காற்று வீசும். அது எதையும் மலைக்குத்தான் கொண்டுபோகும். எனக்கு அது தெரியும். ராணி கோயிலுக்குப் பின்னால் இருக்கிற செங்குத்துப் பாறையில் போய் மோதியது. மற்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மாளைத் தன் உடம்புக்குள் பொத்திவைத்திருந்தான் என்று உடல்களை எடுத்தவர்கள் சொன்னார்கள். பிரயோஜனம் இல்லை.

துக்க வீட்டில் வைத்துத்தான் அந்தப் பொய் பிறந்தது. நான் ஒரு வார்த்தை பேசும் முன்பே அஸப் எல்லோரிடமும் சொல்லிவிட்டான், ரயிஸோட கை நழுவிடுச்சு, வயசாச்சு, பாவம் என்று. மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். என்னைக் காப்பாற்றுகிறார்களாம். யார் கேட்டது? ஊரே வந்து என் கையைப் பிடித்துப் பார்க்கிறது. பால் குடிக்கிற பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறார்கள்.

இன்ஷிராஹ் வேறு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், மாமா. அவர் உங்களைப் பத்தி என்ன சொல்லுவார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கல்லறையில கண்டெடுத்தது."

"அது வேடிக்கைக்கு. கடைசியில சொல்றதுதான் முக்கியம். 'இவர் உதிர்ந்தாலும் இவர் பிடி உதிராது. அதை நம்பித்தான் தினமும் மேல போறேன்'னு முடிப்பார். என்கிட்ட எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்கார்."

அஸப் அன்றைக்குச் சொல்ல வந்தது இதுவாக இருக்கலாம். இருக்கட்டும். ஒரு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குத் தெரிந்த மொழியில் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டு நான் தெரிந்துகொள்வேன் என்று இருந்தால் அதற்கு நான் என்ன செய்வது?

கேளுங்கள். ஆமாம், அதற்குத்தான் வருவீர்கள் என்று தெரியும். எல்லோரும் கையை எடுத்த பிறகும் ரயிஸ் மட்டும் கரும்பு உயரத்துக்கு மேல் தொங்கிக்கொண்டு போனார் என்று அஸப் எழுதிக் கொடுத்திருக்கிறான். உண்மைதான். கரும்பின் மேல் விழுந்ததால் கணுக்காலோடு போயிற்று. ஏன் தொங்கினேன் என்றால், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான். நான்தான் செய்தேன் என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக மட்டும்தான்.

அவன் பார்த்தான். பார்த்துவிட்டு என்ன புரிந்துகொண்டான் தெரியுமா? அவனைக் கீழே இழுக்கத்தான் நான் தொங்குகிறேன் என்று. "அண்ணே, விட்டுடு. செத்துப் போயிடுவே, விட்டுடு" என்று கத்தினான். பலூனின் உச்சியைத் திறந்து சூட்டை வெளியே விடுகிற சிவப்புக் கயிறு நடு அறையில் இருந்தது. ஒரு தடுப்பைத் தாண்டினால் போதும், இழுத்திருந்தால் இரண்டு பேரும் பிழைத்திருப்பார்கள். அவன் அதைச் செய்யவில்லை. அந்த நேரத்தை என் விரல்களில் செலவழித்தான். ஒவ்வொன்றாகப் பிரித்தான், நகத்தால் கிள்ளினான், கடைசியில் குனிந்து கடித்தான். அது ஒரு கேப்டன் செய்யக்கூடிய தவறா? அது என் கணக்கில் வராது.

எழுதுகிறவர் ஏன் நிறுத்திவிட்டார்? என் கையைப் பார்க்க வேண்டாம், தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்கள் பிரிக்கப்பட்டன என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவன் என்னைக் காப்பாற்றினான் என்று ஒரு எழுத்து இருக்கக் கூடாது. எனக்கு விடத் தெரியாமல் இல்லை. நானே விட்டேன், ஐயா. இரண்டு கையையும், நானாகவே. அப்படியே எழுதுங்கள்.