கொன்வெர்சியோனே: சறோஜா அக்காவிடம் திருடிய ஐந்து மாதங்கள்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஏர்னஸ்ற் அண்ணா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் இந்து நீதிக் காப்பு அவையின் பலெர்மோ கிளைத் தலைவர் கோபாலசிங்கம் ஐயா அவர்களே! வேலை உடுப்போடு நேரே வந்திருக்கும் அம்மாக்களே, அக்காக்களே, அண்ணாக்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் துசானி. நான்கு வருடமாகச் சறோஜா அக்காவோடு ஒரே மேசையில் இருந்து படிவங்கள் நிரப்பியவள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள். இரண்டு வார்த்தை சொல்லி அழுதுவிட்டு இறங்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் வாசலில் அந்த மலர்வளையத்தைப் பார்த்தேன். ‘இந்துக் குலவிளக்குக்கு எங்கள் அவையின் கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதியிருக்கிறது. அதன் பிறகு எப்படி அழுவது?

யார் இந்தச் சறோஜா? பலெர்மோ தமிழர் உதவி மன்றத்தின் செயலாளர். காலையில் ஒரு சிஞ்ஞோராவின், ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் தரை துடைப்பார். பின்னேரம் ஒரேத்தோ பகுதியில், சேர்ச் இரவல் தந்த மண்டபத்தில் இருந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பார். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? எதிரே இருப்பவர் கோயிலா, சேர்ச்சா என்று அவர் கேட்டதுண்டா? “பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது?” அதுதான் முதல் கேள்வி. “சாப்பிட்டனீயோ?” அது இரண்டாவது.

குடும்பத்தோடு சேர வந்தவர்களின் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, வேலைக்கான அனுமதியாக மாற்ற வேண்டும். இத்தாலியர் அதற்கு வைத்த பெயர் கொன்வெர்சியோனே. சென்ற ஆவணியில், ‘கொன்வெர்சியோனே: சறோஜாவிடம் பெயர் கொடுக்கவும்’ என்று இரண்டு மொழியிலும் எழுதி மண்டபக் கதவில் ஒட்டினேன். எழுதியவள் நான். கீழே முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்தன.

நீதிக் காப்பு அவையில் இங்கிலீஷ் படித்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலி மொழிக்கும் அவர்களுக்கு இங்கிலீஷே போதும்! சேர்ச் கதவு, அதில் இந்தச் சொல், கீழே பெயர்கள். இங்கிலீஷில் ‘கொன்வேர்ஷன்’ என்றால் வேறென்ன, மதமாற்றம்! பட்டியலைக் கிழித்தெடுத்து, இணைப்பாக வைத்து, முத்திரை குத்தி, ஏழு இடங்களுக்கு முறைப்பாடு அனுப்பினார்கள். அனுமதி வாங்கித் தருவதாக ஆசை காட்டி முப்பத்தொரு இந்துக்களைச் சறோஜா மதம் மாற்றினாராம்!

அந்தப் பட்டியலில் மன்னார் வலன்ரைன் அண்ணாவும் இருந்தார். வுச்சீரியாச் சந்தையில் மீன்பெட்டி இறக்கும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. “எனக்கு ஞானஸ்நானம் தந்து முப்பத்தெட்டு வருசம். இனி என்னை எங்கை கொண்டுபோய் மாத்துறது, பிள்ளை?”

நாங்களும் சிரித்தோம். ஒரு கிழமைதான் சிரித்தோம். விசாரணை முடியும்வரை முப்பத்தொரு கோப்பும் நிறுத்தி வைக்கப்பட்டன. பட்டியலில் இருந்த பிரசாந்தினிக்கு வேலை தருவதாகச் சொன்ன வீட்டில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இந்த ஜனவரி முப்பத்தோராம் திகதி எல்லா விண்ணப்பங்களும் காலாவதியாகின்றன. வருகிற வெள்ளிக்கிழமை!

பொலிதேயாமாவில் கோபாலசிங்கம் ஐயா காவல் பார்க்கும் கட்டடத்துக்குச் சறோஜா அக்கா மூன்று முறை போனார். மூன்றாம் முறை நானும் போனேன். அக்கா இத்தாலி அகராதியை விரித்துக் காட்டினார். ஐயா கண்ணாடி போட்டுப் படித்தார்.

“விளங்குது, பிள்ளை. பிழைதான். ஆனா ஒரு முறைப்பாட்டைத் திருப்பி எடுத்தா, அடுத்த முறைப்பாட்டை ஆர் நம்புவினம்?”

“அடுத்ததைப் பிறகு பாப்பம், அண்ணை. இந்தப் பிள்ளையள் என்ன செய்யிறது?”

பக்கத்தில் நின்றவர் அவையின் செயலாளர் கஜானன். “முதல்லை அந்தச் சேர்ச் மண்டபத்தை விட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்” என்றார்.

“வாறன், தம்பி. ஒரு மேசையும் ரெண்டு கதிரையும் போட இடம் தாங்கோ. நாளைக்கே வாறன்.”

இடம் தந்தீர்களா? மதபாட நேரத்தில் எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூட விறாந்தையில் நிறுத்துகிறார்களே, அதற்கு எழுதினீர்களா? எங்களுக்கென்று ஒரு கோயில் இல்லையே, அதற்கு எழுதினீர்களா? எழுதியிருந்தால் முதல் கையெழுத்து சறோஜா அக்காவுடையதாக இருந்திருக்கும்! உங்கள் ஏழு பிரதியும் தரை துடைக்கும் ஒரு இந்துப் பெண்ணுக்கு எதிராகத்தானே போயின?

நியாயமாகவே பேசுகிறேன். அவரைக் கொன்றது இதய வருத்தம், முறைப்பாடு அல்ல. ஆனால் அவருடைய கடைசி ஐந்து மாதங்களை எடுத்தவர்கள் நீங்கள். வைத்தியரிடம் போக வேண்டிய நாட்களில் அவர் அலுவலக வரிசைகளில் நின்று, “நான் ஒருத்தரையும் மாத்தேல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தவறு என்று தெரிந்த பிறகும் அவரை அப்படி நிற்க விட்டீர்களே! அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி யாரும் என்னைக் கேட்கவும் வேண்டாம்.

உறவுகளே! செவ்வாய்க்கிழமை மண்டபம் திறக்கும். நான் இருப்பேன். எங்கள் மன்றத்து மொனிகா இருப்பாள். ஒரு படிவமும் நிரப்பாமல் திரும்பாது. இது சறோஜா அக்காவுக்கு நாங்கள் தரும் வாக்கு.

கோபாலசிங்கம் ஐயா, முறைப்பாட்டைத் திரும்பப் பெறும் கடிதத்தை அக்காவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உங்களைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் அதில் இல்லை. ‘மொழி விளங்காமல் நேர்ந்த தவறு’ என்று மட்டும் இருக்கிறது. உங்கள் கையெழுத்து ஒன்றுதான் குறை. அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஐயா, நீங்கள் மட்டும் இருந்தபடியே இருங்கள். நான் கடிதத்தோடு உங்களிடம் வருகிறேன்.