பச்சைச் சீலை

கிராண்ட்பாஸ் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் சட்டசபை உறுப்பினர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு விரிந்திருந்தது.

"அவர்ட பெண்சாதி வாசற்படி தாண்டாத உத்தமியாம், அக்கா!"

"என்னது? எலெக்ஷன் நேரம் புருஷன்ட வோட்டுப் பெட்டி நிறத்திலயே பச்சைச் சீலை உடுத்து, கொட்டாஞ்சேனையில வீடு வீடா ஏறி, வாசிக்கத் தெரியாத பொம்பிளையளிட்ட, 'என்ட சீலை நிறத்துப் பெட்டியில வோட்டுப் போடுங்கோ' எண்டு சொன்னது ஆர்? இதை எழுதினவனோ?"

"அவர் அப்ப காய்ச்சலில படுத்திருந்தவர்."

"அதை எழுதியிருக்கிறானோ?"

"இல்லை. 'தனி ஒருவராய் நின்று வென்றார்' எண்டு கிடக்கு."

"அவ இதைப் பார்த்தவவோ?"

"எங்க பார்க்கிறது? புத்தகம் வந்த சந்தோஷத்தில இண்டைக்கு அவர் வீட்டில பார்ட்டி வைக்கிறார். விடிஞ்சதில இருந்து அவ குசினியில நிண்டு பட்டிஸ் பொரிக்கிறா. இண்டைக்குத்தான் அவவால உண்மையாவே வாசற்படி தாண்டேலாது."