ஐஸ் பெட்டியும் நாலு ரிலேயும்

பகல் பன்னண்டரை. ஆமா, பகல்தான். பேய்னா ராத்திரி டூட்டி மட்டும்தான் பாக்கும்னு எந்த மடையன்டா உங்களுக்குச் சொன்னான்? செல்போன உள்ள வைங்க. கிட்ட வந்து குந்துங்க.

குறிஞ்சிப்பாடியத் தாண்டி முந்திரித் தோப்புக்குள்ள போற மண் ரோடு. சித்திரை வெயில். ஒரு ஆளு இல்ல… ஒரு காக்கா இல்ல. அழுவுன முந்திரிப்பழ நாத்தம் மட்டும் கூடவே வருது. அந்த ரோட்டுல பைக்க முறுக்கிக்கிட்டுப் போறான் கார்த்திகேசன். நம்ம திருநாவுக்கரசுக்கு மாமா மவன். பொணம் வைக்கற ஐஸ் பெட்டிய வாடகைக்கு உடறவன்.

பெரிய விஞ்ஞானின்னு நெனப்பு அவனுக்கு. அவனத் தவிர ஊர்ல எல்லாரும் தற்குறி. அந்தப் பெட்டியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்ட்ரோலர் போர்டு மாட்டி, அதுலேர்ந்து நாலு ரிலேவுக்கு ஒயர் இழுத்திருந்தான். ரிலேன்னா சின்ன நீல டப்பா. போர்டு உத்தரவு போட்டா உள்ள ஒரு தகடு 'டக்'னு ஒட்டும், கரெண்டு ஓடும். இன்னொரு 'டக்'… நின்னுடும். ஒண்ணு கம்ப்ரசருக்கு, ஒண்ணு ஃபேனுக்கு, ஒண்ணு லைட்டுக்கு, ஒண்ணு தேவாரம் பாடற ஸ்பீக்கருக்கு. எல்லாம் அவன் செல்போன்ல. "சிதம்பரத்துல டீ குடிச்சிக்கிட்டே இங்க இருக்கற பொணத்தக் குளுர வைப்பேன் மச்சான்"னு பீத்திக்குவான். பெருமைப்பட வேற விஷயமே கெடைக்கல பாருங்க அவனுக்கு.

முந்தின நாளு அந்தத் தோப்பு வீட்டுல பொன்னி அம்மா செத்துப்போச்சு. ஒரே மவன் செம்பியன், துபாய்ல வேல. அவன் ஏரோப்ளேன் புடிச்சு வந்து தாய் மொகத்தப் பாக்கணும். பெட்டி எறங்கும்போதே மருமவ பவானி கையெடுத்துக் கும்புட்டுச்சு.

"அண்ணே, அவுரு வந்து மொகம் பாக்கற வரைக்கும் குளுரு மட்டும் நிக்கக் கூடாதுண்ணே. அந்த ஒண்ணுதான் அவுரு கேட்டது."

"என் மிஷினு நிக்காதும்மா"ன்னான். செருப்பக் கூடக் கழட்டல, சாவு வீட்டுக்குள்ள.

மறுநாள் காலையில சிதம்பரத்துலேர்ந்து போன். ஒரு பெரிய வீட்டுச் சாவு. பெட்டி உடனே வேணுமாம். இவன்கிட்ட இருக்கறதே ஒண்ணு. இந்த நாயி என்னா பண்ணுச்சு தெரியுமா? குறிஞ்சிப்பாடி டீக்கடையில குந்திக்கிட்டு, போன்ல கம்ப்ரசர மட்டும் ஆஃப் பண்ணுச்சு. லைட்டு எரியும், பாட்டு பாடும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. இந்த வெயில்ல மத்தியானத்துக்குள்ள நாத்தம் எடுத்துடும்… மவனாவது மண்ணாவதுன்னு அவுங்களே தூக்கிடுவாங்க. இதுக்குத்தான் அத்தினி படிப்பு. தூ!

அந்த நாத்தத்தத் தேடித்தான் பன்னண்டரை வெயில்ல போறான்.

வாசல்ல பந்தல். அழுது ஓஞ்ச பொம்பளைங்க ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சு தூங்குறாங்க. நாத்தம் இல்ல. மஞ்சள், ஊதுவத்தி… அவ்ளோதான். பெட்டி 'கொர்ர்ர்'னு ஓடுது. கண்ணாடி பூரா வெள்ளையா பனி.

போனப் பாத்தான். ஆஃப்னுதான் காட்டுது.

பொணத்தோட கால் பக்கமா குந்தி போர்டு மூடியக் கழட்டுனான். கம்ப்ரசர் ரிலேவுல இருக்கற குட்டிச் செவப்பு லைட்டு எரியல, ஆஃப்தான். அப்பறம் எப்புடி ஓடுது? 'சைனா மாலு, உள்ள ஒட்டிக்கிச்சு'ன்னு மொனகிக்கிட்டே அதோட ஒயரப் புடுங்குனான்.

கொர்ர்ர்…

சரின்னு பிளக்கையே புடுங்கிட்டான். பாட்டு நின்னுச்சு. லைட்டு அணைஞ்சுது. ஃபேனும் நின்னுச்சு.

கொர்ர்ர்…

அதுல பேட்டரி கிடையாது. இன்வெர்ட்டர் கிடையாது. பிளக்கு இவன் கையில தொங்குது. அப்ப… தலைக்கு நேர் மேல… கண்ணாடியில… கீச்… கீச்… ஈரக் கண்ணாடிய வெரலால தேய்ப்போம்ல, அந்தச் சத்தம்.

நிமிந்து பாக்கல. கையி முழங்கை வரைக்கும் வெறச்சுப்போச்சு. எவ்ளோ நேரம் அப்படியே குந்திக் கெடந்தான்னு அவனுக்கே தெரியாது.

கார் வந்து நின்னுச்சு. "எம்மா!"ன்னு செம்பியன் ஓடியாந்து பெட்டி மேல வுழுந்தான். பொம்பளைங்க அலறிக்கிட்டு எழுந்தாங்க. பவானி முந்தானையால கண்ணாடியத் தொடைக்கப் போச்சு. தேவையே இல்ல. மொகத்துக்கு மேல மட்டும் உள்ளங்கை அளவு பனி இல்லாம சுத்தமா இருக்கு. உள்ள அந்த அம்மா, சாப்புட்டுட்டுச் சித்த நேரம் படுத்தாப்புல. மவன் பாத்தான். கண்ணு நெறைய பாத்துட்டு, தலையத் தூக்குனான்.

டக்.

கம்ப்ரசர் நின்னுச்சு.

பிளக்கு இன்னும் கார்த்திகேசன் கையிலதான் இருக்கு. பவானி இவனப் பாத்துக் கும்புடுது! "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்கண்ணே"ங்குது. கும்புடற மூஞ்சியாடா அது?

சாயங்காலம் எடுத்தாங்க. காலிப் பெட்டிய வண்டியில ஏத்தும்போதுதான் கண்ணாடியப் பாத்தான். கரெண்டு இல்லாம அத்தினி நேரம் வெயில்ல கெடந்தும் பனி கரையல. பனி இருந்தது உள்பக்கம். மொகத்துக்கு மேல தொடைச்ச எடம் அப்படியே இருக்கு. அது போவட்டும்… மவனப் பாக்க ஆச இருக்காதா?

கால் பக்கத்துலயும் ஒரு தடம் இருந்துச்சு. இவன் குந்தி ஒயரப் புடுங்குனான்ல… அதுக்கு நேர் மேல. படுத்தவாக்குல அங்க எட்டாது. எழுந்து குந்தணும். குந்தறதுக்கு அந்தப் பெட்டியில எடம் கிடையாது.

நெத்திய வச்சு அழுத்திக் குனிஞ்சு பாத்த தடம். நடுவுல வட்டமா… பொணத்துக்கு நெத்தியில ஒட்டுவாங்கள்ல, ஒத்த ரூபா… அது பதிஞ்சிருந்துச்சு.