கன்னத்தை வழிக்காதீங்க

ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகும் பேருந்தில் கேட்டது. முன் இருக்கையில் பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி அம்மா மடியில் இருந்தாள். பக்கத்துப் பெண்மணி கேட்காமலே அவள் கன்னத்தை வழிக்கக் கை நீட்டினார். இப்படித் தொடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரியும்.

"ஏனுங்க, தொடாதீங்க. வெரல் பட்ட எடமெல்லாம் தடிச்சுக்கும்," என்றாள் அம்மா.

"அம்மைங்களா?"

"இல்லீங்க, தோலே அப்படி. டாக்டரு பாத்துட்டாரு. அரை மணி நேரத்துல தானா அடங்கிரும்."

"அப்ப ஒருக்கா வழிச்சா என்ன?"

"போன கல்யாணத்துல ஆளாளுக்கு வழிச்சாங்க. மூஞ்சி பூரா வெரல் தடம். நாந்தான் அறைஞ்சேன்னு பந்தியில பேச்சு. இன்னிக்கும் கல்யாணத்துக்குத்தான் போறோம். ஒருத்தரையும் தொட உட மாட்டேன்."

"கண்ணு பட்டா என்ன பண்ணுவ?"

"காத்துல வழிச்சு நெட்டி முறிங்க."

பெண்மணி முறைத்தார். பிறகு கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளியே வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து மடக்கினார். பத்து விரலிலும் படபடவென்று நெட்டி முறிந்தது.

"அடி ஆத்தா, எத்தன கண்ணு!"

"பாத்தீங்களா? கை படாமயே அத்தனையும் போயிருச்சுங்க."